மாட்டுத்தோல் போட்ட சைவக்காரி

லோர்னா சில்டானெனுக்கு ஐம்பத்தொரு வயது. எங்கள் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இருபத்தைந்து வருடமாக வெல்டர். ஜனவரியில் ஏரி உறைந்து, இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் வந்து வரிசையாக நின்றுவிட்டால் மார்ச் கடைசி வரை அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கப்பலின் அடிவயிற்றுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு தலைக்கு மேலே தகட்டுக்கு வெல்டிங் வைக்க வேண்டும் என்றால் மேற்பார்வையாளர்கள் முதலில் தேடுவது அவளைத்தான். நான் கருவி அறையில் இருப்பவன். கையுறை, மேலங்கி, பூட்ஸ் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அவள் பட்ட பாட்டில் பாதியாவது என் கண்முன்னே நடந்தது.

லோர்னா இறைச்சி தொடமாட்டாள். பத்தொன்பது வயதில் ஒரு கோடை முழுக்க வான்கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்திருக்கிறாள். மூன்றாவது வாரம் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கோழி பொரித்து வைத்திருந்தாள். லோர்னா தட்டைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். அதோடு சரி.

"பெரிய கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்ல நார்ம். வாய்க்குள்ள போகல, அவ்வளவுதான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். வருடங்கள் போகப் போக அதுவே கொள்கையாகவும் ஆகியிருக்க வேண்டும். தனக்காக ஒரு உயிர் போக வேண்டாம் என்று நினைக்கத் தொடங்கினாள். ஆனால் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு எங்களோடு வருவாள், உருளைக்கிழங்கு அடையும் முட்டைக்கோஸும் சாப்பிடுவாள். அவளுடைய அண்ணன் வேய்ன் மான் சுட்டு வந்தால், உரிக்க விளக்குப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

வினை தொடங்கியது மூன்று குளிர்காலத்துக்கு முன்னால். பிப்ரவரி மாதம், சாப்பாட்டு அறை. கஸ் பெட்ரிக் என்று ஒரு கிழட்டு வெல்டர் எங்களிடம் இருந்தான். தானே சுட்ட மானில் தானே செய்த தொத்திறைச்சியை வெட்டித் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டான். தட்டு லோர்னாவிடம் வந்தது. அவள் அடுத்தவனிடம் தள்ளினாள்.

"ஒரு துண்டு தின்னா செத்தா போயிடுவ?" என்றான் கஸ்.

"வேணாம் கஸ்."

கஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் அப்போதுதான் கப்பலுக்குள்ளிருந்து ஏறி வந்திருந்தாள். தோள் வரை கையை மூடும் தோல் உறைகள், முன்னால் தோல் அங்கி, இடுப்பில் செருகிய தோல் கையுறை, காலில் பூட்ஸ்.

"உன்னைக் கொஞ்சம் கண்ணாடியில பாரு. கழுத்துலருந்து கால் வரைக்கும் மாடு. நான் மாட்டை உள்ள போட்டுக்கறேன், நீ வெளிய போட்டுக்கற. வேற என்னடியம்மா வித்தியாசம் நமக்குள்ள?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வழக்கமாக லோர்னா சும்மா விடமாட்டாள். கஸ்ஸுடைய தாடியைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் இங்கே எழுத முடியாது. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை என் ஜன்னலில் கையுறையைத் தூக்கிப் போட்டாள்.

"இது எந்த மாடு?"

"என்னது?"

"பால் மாடா, கறி மாடா? எதுக்காக வெட்டினது?"

"பெட்டில முதல் தர மாட்டுத்தோல்னு மட்டும்தான் போட்டிருக்கு லோர்னா."

"தோல் இல்லாத கையுறை இருக்கா?"

"ரப்பர் இருக்கு. கிரீஸ் தொடைக்கறதுக்கு."

அவள் கையுறையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷம் நார்ம். ஒருநாளாவது இதை நான் யோசிச்சேனா? போயும் போயும் அந்தக் கஸ் வாயிலருந்தா இது வரணும்?"

கேலி அவளை அவ்வளவாகச் சுடவில்லை. கேலியில் பாதி உண்மை இருந்ததுதான் சுட்டது.

ஈஸ்டருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். மினியாபொலிஸில் படிக்கும் அண்ணன் மகள் கிர்ஸ்டா வந்திருந்தாள். அவள் பால், முட்டைகூடத் தொடாதவளாக மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. குடும்பத்தில் தனக்கு ஒரு துணை கிடைத்தது என்று லோர்னாவுக்குச் சந்தோஷம். வெண்ணெய் போடாமல் உருளைக்கிழங்கும் காளானும் சேர்த்துச் சுட்டு ஒரு பாத்திரம் நிறைய எடுத்துப் போயிருந்தாள். கிர்ஸ்டா அதை ருசித்துச் சாப்பிட்டாள். பிறகு கதவோரம் மாட்டியிருந்த லோர்னாவின் பழுப்புத் தோல் பையைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க ஏன் சைவம்னு சொல்லிக்கறீங்க?"

"முப்பது வருஷமா கறி தொடல. வேற என்னன்னு சொல்லிக்கணும்?"

"இந்தப் பை எந்த மரத்துல காய்ச்சது?"

லோர்னாவுக்கு முகம் சிவந்தது. "கறிக்காக வெட்டின மாடு அது. தோல் மிச்சம். நான் வாங்கலன்னா குப்பைக்குத்தான் போகும்."

"தோலும் விலைபோறதாலதான் மாடு வெட்டறது கட்டுப்படியாகுது. மிச்சமாம் மிச்சம்!"

"நீ போட்டிருக்கியே ஷூ, அது என்ன?"

"செயற்கை."

"பிளாஸ்டிக்னு சொல்லு. ஆறு மாசத்துல கிழிஞ்சுடும். அப்புறம் எங்க ஏரியிலதான் வந்து ஒதுங்கும். மீன் வயித்துல போய்ச் சேரும். அது உயிர் இல்லையா?"

வேய்ன் பன்றித்தொடையை அறுத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னான்: "ரெண்டு பேரும் திங்கற மாதிரி என் வீட்ல ஒண்ணும் இல்ல. சண்டையாவது திருப்தியா போட்டுட்டுப் போங்க."

கறி தின்பவன் ஒருபக்கம் சிரிக்கிறான், பால்கூடக் குடிக்காதவள் மறுபக்கம் திட்டுகிறாள். நடுவில் நிற்பவளுக்கு இரண்டு பக்கமும் அடி. லோர்னா ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பையைத் தேவாலயத்து ஏழைகள் கடையில் கொடுத்துவிட்டுத் துணிப்பை தூக்கத் தொடங்கினாள். இடுப்புவாரும் கடிகாரப் பட்டையும் மாறின. ஞாயிற்றுக்கிழமைக்கு ரப்பர் அடி வைத்த துணி ஷூ. இதெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. முடியாதது நெருப்போடு செய்யும் வேலை.

எங்கேயோ தேடித் தபாலில் ஒரு ஜோடி பூட்ஸ் வரவழைத்தாள். தோல் கிடையாது, முன்னால் இரும்புத் தொப்பி, தொழிற்சாலைக்கு ஏற்றது என்று முத்திரை. பார்ப்பதற்குத் தோல் மாதிரியே இருந்தது. மேற்பார்வையாளருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

மே மாதம் ஒரு மத்தியானம் கரையில் ஏணிச்சட்டம் ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். உருகிய இரும்பு ஒரு துளி புறங்காலில் விழுந்தது. தோலாக இருந்தால் கருகியிருக்கும், துளி உருண்டு கீழே போயிருக்கும். இது உருகியது. உருகிய பிளாஸ்டிக் காலுறையைத் துளைத்துக்கொண்டு சதையில் போய் ஒட்டியது. அவள் போட்ட கூச்சல் என் அறைவரை கேட்டது. அவிழ்க்கலாம் என்றால் நாடாவும் சேர்ந்து உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் ஓடிப்போனவன் கஸ்.

"ஆட்டாதே! காலை ஆட்டாதேன்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கொண்டே மான் உரிக்கும் கத்தியால் பூட்ஸைக் கிழித்து எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தான்.

மூன்று வாரம் வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்ததும் பாதுகாப்பு அதிகாரி ட்ரெவர் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தான்.

"விதியில தோல்னு தெளிவா இருக்குங்க."

"நெருப்பு தாங்கற வேற பொருள் கொண்டுவந்தா?"

"விதியில தோல்னுதான் இருக்கு."

"ஏன் தோல்? நெருப்பு தாங்கணும்கறதுக்காகத்தானே?"

"இருக்கலாம். ஆனா எழுதியிருக்கறது தோல்னு."

லோர்னா வெளியே வந்து என் ஜன்னல் கட்டையில் கையால் ஓங்கி அடித்தாள். "சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்."

அந்தக் கோடை முழுவதும் கையுறை செய்யும் கம்பெனிகளுக்குப் போன் போட்டாள். ஒருவன், எங்கள் சரக்கு விலங்குகளுக்கு நல்லது, நெருப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள் என்றான். இன்னொருவனிடம் நெருப்பு தாங்கும் துணியில் அருமையான கையுறை இருந்தது. ஆர்டர் கொடுக்கும் நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "உள்ளங்கைப் பக்கம் என்ன வச்சுத் தைக்கறீங்க?" என்று கேட்டாள். "ஆட்டுத்தோல் மேடம். பஞ்சு மாதிரி இருக்கும்" என்றான் அவன் பெருமையாக. அவள் போனை வைத்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாளாம். கடைசியில் அது அழுகையில் முடிந்தது என்று அவளே சொன்னாள்.

ஒருவழியாக முழுக்கத் துணியிலேயே செய்த ஒரு ஜோடி கிடைத்தது. இலையுதிர்காலத்தில் பாதுகாப்புக் குழு கூடியபோது அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தோல் கையுறை ஒன்று, துணிக் கையுறை ஒன்று, இரண்டையும் இடுக்கியில் பிடித்து மேலே தீப்பொறி கொட்டிக் காட்டினோம். இரண்டும் தாங்கின. குழு ஒரு மணி நேரம் பேசி ஒரு முடிவு சொன்னது: கீழே வைத்துச் செய்யும் வேலைக்குத் துணிக் கையுறை போட்டுக்கொள்ளலாம். தலைக்கு மேலே செய்யும் வேலைக்குத் தோல்தான். அங்கியும் பூட்ஸும் தோல்தான்.

அவள் செய்வதில் முக்கால்வாசி தலைக்கு மேலே செய்யும் வேலை.

அந்தத் துணிக் கையுறையும் ஒன்பது நாளில் கூர்த்தகட்டில் உரசி நூல்நூலாகப் பிரிந்தது. தோல் ஐந்து வாரம் உழைக்கும். நான்காவது ஜோடியைக் கொண்டுவந்து என் முன்னால் எறிந்தாள். "தோல் போட்டா மாடு சாகுது. துணி போட்டா ஒன்பது நாளுக்கு ஒருதரம் மக்காத குப்பை. கறி தின்னறவன் நிம்மதியா இருக்கான் நார்ம். என்னை மாதிரி நாலு அடி நடந்து பாத்தவளுக்குத்தான் மிச்ச தூரம் எவ்வளவுன்னு தெரியுது."

காபி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த டிசம்பரில் கஸ் ஓய்வு பெற்றான். கடைசி நாள் தன் தோல் அங்கியையும் தோள் வரை மூடும் உறைகளையும் சுருட்டி லோர்னாவிடம் நீட்டினான்.

"இந்த மாடு செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. நீ போட்டாலும் போடாட்டியும் அது எழுந்திருக்கப்போறதில்ல. உனக்காகப் புதுசா ஒண்ணு சாக வேணாம், எடுத்துக்க."

கிண்டல் என்று நினைத்து அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. வாங்கிக்கொண்டாள். "வேர்வை நாத்தம் குடலைப் புடுங்குது" என்று மட்டும் சொன்னாள்.

கிர்ஸ்டாவுக்கு இது பிடிக்கும் என்று நினைத்துப் போன் செய்திருக்கிறாள். "பழசா இருந்தாலும் தோல் தோல்தான் அத்தை. நீங்க போட்டுக்கிட்டா தோல் நல்லதுன்னு நாலு பேருக்குக் காட்டற மாதிரிதானே?" என்றாளாம் அந்தப் பெண்.

"கப்பல் அடியில இருட்டுல என்னை யாருடி பாக்கறா?" என்று கத்திவிட்டு லோர்னா போனை வைத்தாள். இரண்டு மாதம் அத்தையும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் அவள் பெயரில் ஒரு புதுத் தோல்கூட என் ஜன்னலைத் தாண்டவில்லை. ஒரு ஓட்டை விழுந்தது என்று மற்றவர்கள் எறியும் கையுறைகளை நான் ஒதுக்கி வைப்பேன். நெருப்பு தாங்கும் நூலால் அவள் தைத்துப் போட்டுக்கொள்வாள். தன் பழைய தோல் பூட்ஸுக்கு மூன்றுமுறை அடி மாற்றினாள். கையுறை ஒட்டுப்போட்டுத் தடித்துப்போனதால் விரல் சரியாக மடங்கவில்லை என்று முணுமுணுப்பாள், ஆனாலும் கழற்றமாட்டாள்.

இந்த ஜனவரியில் அந்தப் பூட்ஸ் தீர்ந்தது. இரும்புத் தொப்பியில் விரிசல். அடி மாற்றலாம், தொப்பியை மாற்ற முடியாது. இனி போடக்கூடாது என்று ட்ரெவர் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டான். நான் புதுப் பெட்டியைத் திறந்து வைத்தேன். புதுத் தோல் வாசனை ஜன்னல் முழுக்கப் பரவியது.

"இங்க கையெழுத்துப் போடணும் லோர்னா."

"தெரியும்."

"வேற வழி இருந்தா நான்…"

"தெரியும்னு சொன்னேன்ல?"

காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஏதோ அந்த மாட்டை நானே வெட்டியது போல.

அதே வாரம் தொழிற்சங்க விருந்துக்குச் சீட்டு வந்தது. மாடு, மீன், சைவம் என்று மூன்று கட்டம், ஒன்றில் குறியிட வேண்டும். அவள் எதிலும் குறியிடாமல் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அலுவலகப் பெண் குழம்பிப்போய் என் அறைவரை வந்து அவளைப் பிடித்தாள்.

"கறியும் மீனும் வேணாம்னு எழுதியிருக்கீங்க. அப்ப சைவம்தானே? அதுல ஒரு குறி போட்டுடவா?"

"போடாதே."

"ஏங்க?"

"நான் என்னன்னு எனக்கே தெரியலம்மா. தட்டுல கறி வைக்காதீங்க, அது போதும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். லோர்னா முகமூடியை எடுத்துக்கொண்டு கப்பலை நோக்கி நடந்தாள். இரண்டு காலிலும் லேசாக நொண்டல்.

"என்னாச்சு?" என்று கேட்டேன்.

"புது பூட்ஸ், கடிக்குது" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "கடிக்கட்டும்."