பத்துப் பேர் பட்டியல்

பொதுக்கூட்டத்தில் பேசுகிறவனை ஊரே பார்க்கும். அவன் பார்ப்பதென்னவோ மேடைக்குக் கீழே பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிற போலீஸ் சுருக்கெழுத்துக்காரனைத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மதுரையில் அந்த உத்தியோகத்தைப் பல வருஷம் பார்த்தவன் நான். பேச்சை அப்படியே பிடித்து, நகல் எடுத்து, எந்த வரியில் ராஜத்துரோகம் இருக்கிறது என்று மேலதிகாரி சிவப்புக் கோடு போடத் தோதாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சர்க்கார் படிவங்களோடு குப்பை கொட்டி, இடுப்பு ஒடிந்து, கண்ணாடி போட்டுக்கொண்ட புண்ணியவான்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால், இந்த ஆள் கதை விடுகிறான் என்பார்கள்.

நாற்காலி உபசாரம்

பேரையூரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த புதிதில், கூட்டத்துக்குப் போனால் கல்லால் அடிப்பார்கள் என்றுதான் பயந்தேன். நடந்தது வேறு. வைகை மணலில் கூட்டம். எனக்கென்று தனியாக ஒரு மேஜை, நாற்காலி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். தலைவருக்குக்கூட நாற்காலியில் ஒரு கால் ஆடியது, எனக்கு ஆடவில்லை. பேச்சாளர் ஒரு வக்கீல். சர்க்காரைக் கிழி கிழியென்று கிழிப்பார், நடுவில் என் பென்சில் நின்றுவிட்டால் அவரும் நிறுத்திக்கொள்வார். நான் தலையாட்டினால்தான் அடுத்த வாக்கியம்.

கூட்டம் முடிந்ததும் மேஜையண்டை வந்து குனிந்து என் கிறுக்கலைப் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. முகத்தில் உண்மையிலேயே கவலை. "போன தடவை எழுதின ஆள் என் பேச்சைச் சப்புனு எழுதிட்டான் சார், மூணே மாச ஜெயில்தான் கிடைச்சுது, நீங்களாவது காரம் குறையாம எழுதுங்க" என்றார்.

பத்தாவது பெயர்

பேச்சோடு வேலை முடியாது. "கூட்டத்தில் காணப்பட்ட முக்கியஸ்தர்கள், பத்துப் பேருக்குக் குறையாமல்" என்று ஒரு படிவம் உண்டு. ஒன்பது பேர் இருந்தால் படிவம் திரும்பி வரும், கூடவே விளக்கம் கேட்டு ஒரு கடுதாசியும் வரும். ஏன் பத்து, ஏழானால் என்ன என்று கேட்ட ஆள் ஒருத்தரும் கிடையாது. அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள், அவர்களுக்கு மாலை போட்டவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒன்பது வந்தது. ஊருக்குப் புதுசு, யாரைத் தெரியும் எனக்கு?

எனக்குத் தெரிந்த ஒரே முகம் காதர் மைதீன். தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தார், என் வயசுதான் இருக்கும். அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். மேடைக்குக் கட்டின துணி காற்றில் கிழிந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, ஊசி நூலோடு வந்தார். தைத்தார், நூலைப் பல்லால் கடித்தார், என்னைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார், போய்விட்டார். அதுவரை முதல் பேச்சாளர் வாயைத் திறக்கக்கூட இல்லை. நான் பத்தாவதாக அவர் பெயரை எழுதினேன். மறுநாள் மனசு உறுத்தி எங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பேரு வந்துருச்சுல்ல தம்பி, அம்புட்டுத்தான், ஆளு எதுக்கு வந்தான்னு எழுத அதுல இடமே கிடையாது" என்றார்.

கொள்கையில் மாற்றமில்லை

மூன்று மாதத்தில், அந்தப் பத்துப் பேர் படிவம் வழியாக, காதர் பாய் தீவிரவாதிகள் பதிவேட்டுக்குள் போய்விட்டார். தனிப் பக்கம், தனி நம்பர். வாரத்துக்கு ஒருமுறை மப்டியில் ஒரு போலீஸ்காரர் அவர் கடையில் போய் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மப்டியாம் மப்டி. ஒட்ட வெட்டின கிராப்பும் முறுக்கின மீசையுமாக அந்த ஆள் சந்தில் நுழையும்போதே தெருநாய் எழுந்து வழிவிடும். போலீஸ் உட்கார்ந்திருக்கிற கடைக்கு ரவிக்கைத் துணி யார் கொடுத்தனுப்புவார்கள்? வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றது. அந்த மப்டிக்காரருடைய வாரக் குறிப்பை நகல் எடுக்கிற பாக்கியமும் எனக்கே. "இவ்வாரம் சட்டை மூன்று, தலையணை உறை இரண்டு தைத்தார். கொள்கையில் மாற்றம் தெரியவில்லை." இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றேன். இந்த ஆள் அப்பாவி, எடுத்துவிடலாம் என்றேன். என் தப்பால் வந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கலாம். பொய் ரிப்போர்ட் கொடுத்ததற்கு என் உத்தியோகமும் அத்தோடு முடிந்திருக்கும். எழுதவில்லை, பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, கையிலிருந்த பேனாவைக்கூட எனக்காக மூடி வைத்தார். "சேக்குறதுக்குப் படிவம் இருக்குய்யா, நீக்குறதுக்கு ஒரு படிவம் இருந்தா எடுத்துட்டு வா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

கம்புக்குக் கொள்கை ஏது

ஆரப்பாளையத்தில் மில் தொழிலாளிகள் கூட்டம். சம்பளக் குறைப்பு பற்றி ஒரு மனுஷன் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டிருந்தான். அதில் ராஜத்துரோகம் என்று தேடினாலும் கிடைத்திருக்காது. ஏழெட்டுப் பேர் கம்போடு நுழைந்தார்கள். விளக்கை உடைத்தார்கள், மேடையைச் சரித்தார்கள், இரண்டு பேருக்கு மண்டை பிளந்தது. என் மேஜையும் கவிழ்ந்தது. அடித்தவர்களை எல்லோருக்கும் தெரியும், கூலி கொடுத்து அனுப்பினது யார் என்பதும் தெரியும்.

இந்தத் தடவை பத்துப் பெயருக்கு நான் திண்டாடவில்லை. கம்பு பிடித்தவர்கள் பெயர்களை முதலில் எழுதினேன். பிடிவாதமாகத்தான் எழுதினேன். தீவிரம் என்றால் இதுதானே, ரத்தம் சொட்டுகிறதே என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாக அந்தப் பெயர்களை மட்டும் அடித்தார். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன் பெயரை விட்டுவைத்தார், அவன் பேசியிருக்கிறானே. எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மண்டைய உடைச்சவன் கேஸ் பக்கத்து ரூம்ல, நமக்கு மண்டைக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் வேலை" என்றார்.

நம்ம ராஜ்யம்

பிறகு தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டு நம் ஆட்களே மாகாணத்தில் மந்திரியானார்கள். சீமையிலிருந்து வந்தவனுக்குத்தான் நம் பேச்சு புரியவில்லை, நம்மவர்களுக்குப் புரியும் என்று நானும் நம்பினேன். வைகை மணலில் காரம் கேட்டாரே வக்கீல், அவர் இப்போது ஜில்லாவில் பெரிய புள்ளி. எங்கள் ஆபீஸுக்கே வந்தார். அவருக்கும் அவருடைய சகாக்களுக்கும் இருந்த பக்கங்களை வரவழைத்துப் படித்துப் படித்துச் சிரித்தார். ஒரே வாரத்தில் அத்தனை பெயரும் காலி. படிவமே இல்லை என்றார்களே, அது எங்கிருந்து முளைத்ததோ தெரியவில்லை.

மீதிப் பதிவேட்டைக் கொளுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது: பத்திரமாக வைத்திருங்கள். எதிர்க்கட்சி கறுப்புக்கொடி பிடிக்கிறதாம், மில்லில் செங்கொடிக்காரன் தொல்லையாம், ஜனங்கள் தேர்ந்தெடுத்த சர்க்காரை எதிர்க்கிறவன்தான் அசல் தீவிரவாதியாம். அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு என் காதே எரிந்தது. இதையே இவருக்கு எதிராக வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதின குறிப்பை நான்தானே நகல் எடுத்தேன்? ஜனங்கள் ஓட்டுப் போட்டு நாற்காலியைக் கொடுத்தால், அந்த நாற்காலிக்கு அடியில் இருந்த பட்டியலையுமா எடுத்து மடியில் வைத்துக்கொள்வது? பயத்தை விழுங்கிக்கொண்டு காதர் பாய் விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கட்சி என்றார். எந்தக் கட்சியும் இல்லை, சட்டை தைக்கிறவர் என்றேன். வக்கீல் நிஜமாகவே யோசித்தார். "கட்சி இருந்தா கட்சி ஜாமீன் சொல்லும், எந்தக் கட்சியிலயும் இல்லாத ஆளுக்கு யார் பொறுப்பு சொல்றது, அவர் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

விடியற்காலை வேலை

யுத்தம் வந்தது. மந்திரிகள் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள், பதிவேடு மட்டும் போகவில்லை. ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு: தீவிரவாதிகள் அத்தனை பேரையும் ஒரே காலையில் பிடிக்க வேண்டும், விசாரணை கிடையாது. கடைக்குப் போய்வந்த மப்டிக்காரர் மாற்றலாகிவிட்டார். காதர் பாயை அடையாளம் தெரிந்தவன் யார் என்று பார்த்தால், நான். ஏட்டையாவும் நானும் போனோம். அவர் அப்போதுதான் கடைப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா. யாருடைய நிக்காஹ் சட்டையோ மிஷினில் பாதியில் நின்றது. அவருடைய பெண்சாதி வாசல் திரைக்குப் பின்னாலிருந்து என்ன குற்றம், என்ன குற்றம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏட்டையா வாரன்டை எடுத்துப் பிரித்தார். வாரன்டில் குற்றம் என்ற இடத்தில் "பதிவேடு" என்று ஒரு வார்த்தைதான் இருந்தது.

ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். காதர் பாய் என்னைத்தான் நம்பினார். "இங்க எனக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் சார், யாரோ ஆகாதவன் எழுதிப் போட்டிருக்கான், எவன்னு மட்டும் சொல்லுங்க, அவங்கிட்ட நான் என்ன செஞ்சேன்னு கேக்கணும்" என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை எனக்கு. மேடைத் துணி கிழிந்ததையும், ஒன்பது பெயரோடு நின்றதையும், படிவம் திரும்பி வரும் என்று பயந்ததையும் அப்படியே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டி என் கையில் கொடுத்து, வீட்டில் சேர்த்துவிடச் சொன்னார். வண்டி வந்து நின்றது. ஏறப் போனவர் திரும்பி, "பத்துப் பேருதானே சார் வேணும், கூட்டம் முடியிற வரைக்கும் நீங்களுந்தானே அங்க இருந்தீங்க, உங்க பேரை எழுதியிருக்கலாமே" என்றார்.

அத்தனை வருஷத்து ராஜத்துரோகத்தையும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்ட எனக்கு இன்றைக்கும் சர்க்கார் பென்ஷன் வருகிறது, ஒரு பேச்சையும் காதால் கேட்காத காதர் பாய்க்குப் பதினாலு மாசம் ஜெயில் கிடைத்தது, இதற்குத்தான் எங்கள் இலாகாவில் தீவிரவாதிகளைக் கண்காணிப்பது என்று பெயர்.