மூன்று 'எல்'

மதுரை சிம்மக்கல்லில் ஒரு பத்திர எழுத்தரின் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள் ராதாமணி. ஊரார் வாங்கி விற்கும் வீடுகளின் எல்லைகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. 'சோணை வீட்டுச் சுவருக்கு மேற்கு, பொதுப்பாதைக்கு வடக்கு' என்று விரல்கள் ஓடும்போதே அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவாள். வெயில் எந்த அறையில் விழுகிறது, அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். ஆனால் பிழை மட்டும் வராது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் குத்தும். "ராதாக்கா பாத்துட்டா ரிஜிஸ்தர் ஆபீஸ்ல திருப்பி அனுப்ப மாட்டாக" என்பார்கள்.

அவளுக்கும் கணவர் சௌரிராஜனுக்கும் சொந்தமென்று ஒரு சுவர் கிடையாது. அவர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். 2008 தை மாதம், அழகர்கோவில் சாலையில் மூன்று சென்ட் மனை விலைக்கு வந்தது. மனைக்குச் சொந்தக்காரர் நல்லகாமன், திருமங்கலத்துக்காரர். சார்ஜாவில் வேலை. சித்திரையில் லீவில் வந்து பத்திரம் முடிப்பதாகவும், அதற்குள் இவர்கள் இரண்டு லட்சம் முன்பணம் பேங்கில் போடுவதாகவும் பேச்சு. போனுக்குக் காசு ஆகும் என்று மற்றதெல்லாம் ஈமெயிலில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மனையைப் பார்க்கப் போனார்கள். வெறும் புல்தரையில் அறை அறையாக நடந்தாள் ராதாமணி. பின்னால் வந்தவரைத் திரும்பிப் பார்த்து, "நில்லுங்க, அங்க சுவரு இருக்கு" என்று தங்கள் சௌராஷ்டிர மொழியில் சொன்னாள். அவரும் இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

மாசியில் அந்த மெயில் வந்தது. 'பழைய கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள். ஒரு வாரம் போனில் கிடைக்கமாட்டேன்.' கீழே அவர்கள் முன்பு எழுதிக்கொண்டதெல்லாம் அப்படியே இருந்தது. கிணறு எத்தனை அடி என்று அவள் கேட்டதுகூட இருந்தது. வீட்டில் சௌரிராஜனுக்குப் படித்துக் காட்டினாள். மறுநாள் பேங்குக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டு, துளசிக்கு எந்த இடம் என்று யோசித்தபடி நடந்தே வேலைக்குத் திரும்பினாள்.

ஒன்பதாம் நாள் நல்லகாமன் கூப்பிட்டார்.

"அக்கா, பணம் போடுறேன்னீகளே, வரலயே. எதுவும் சிரமமா? சொல்லுங்க, பொறுத்துக்கிறேன்."

"போட்டுட்டேனே தம்பி! நீங்க சொன்ன புதுக் கணக்குல..."

"புதுக் கணக்கா? நான் எதுவும் சொல்லலயேக்கா."

அவள் மெயிலைத் திறந்து, முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். அவர் பெயரில் இரண்டு 'எல்' இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நின்றன. எத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு பேங்குக்குப் போனாள். வடக்கே ஏதோ ஊரில் இருந்தது அந்தக் கணக்கு. மேனேஜர் ஃபேக்ஸ் அனுப்பி, மிச்சமிருந்த நாற்பத்தோராயிரத்தை நிறுத்திவைக்கச் செய்தார். மற்றதை மூன்றே நாளில் எடுத்திருந்தார்கள். போலீசில் மெயிலின் நகல் கேட்டார்கள். கொடுத்தாள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சௌரிராஜன், "சாப்பிட்டியா?" என்றார். இல்லையென்று தலையசைத்தாள்.

"நீ படிச்சுக் காட்டினப்ப நானும் ஒழுங்காக் கேக்கல. மாடிப்படி எந்தப் பக்கம் வைக்கலாம்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதற்குப்பின் பல மாதங்கள் அவள் தட்டச்சு செய்த எல்லைகளுக்குள் வீடுகள் எழவில்லை. எழுத்துகள் எழுத்துகளாகவே கிடந்தன.

சித்திரையில், அழகர் ஊருக்குள் வந்திருந்த கூட்டத்துக்குள் புகுந்து, நல்லகாமனும் மனைவி சின்னத்தாயும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீடு தேடி வந்தார்கள். மனை கைவிட்டுப் போயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று ராதாமணி நினைத்தாள்.

நல்லகாமன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அங்க ஒரு பிரவுசிங் சென்டர்ல மெயில மூடாமயே எந்திரிச்சு வந்திருக்கேங்க்கா. எவனோ உக்காந்து பூராத்தையும் படிச்சிருக்கான். பாதித் தப்பு என்னுது. மனைய வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். ரெண்டு வருசம் எடுத்துக்கங்க. பேசுன வெலதான்."

"ஆனா இனிமே மெயில நம்பாதீகக்கா. எனக்குப் போனப் போடுங்க. நான் இந்தா திருமங்கலத்துலதான இருக்கேன்" என்றாள் சின்னத்தாய்.

அப்படியே நடந்தது. கொஞ்சம் பணம் சேரும்போதெல்லாம் ராதாமணி போன் செய்து கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக வாசிப்பாள். சின்னத்தாய் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்பாள். பிறகு மழை, ஆட்டுக்குட்டி, கத்திரிக்காய் விலை என்று பேச்சு நீளும். எதற்குக் கூப்பிட்டோம் என்பதே சில நாள் மறந்துபோகும். பேங்க் நிறுத்திவைத்த பணம் பதினாலு மாதத்தில் திரும்பியது. மற்றது வரவேயில்லை, கழுத்துச் செயினை விற்றாள். கெடு நாலு மாதம் தாண்டி, 2010 ஆவணியில் நல்லகாமன் லீவில் வந்தபோது பத்திரம் முடிந்தது.

அடுத்த வருடம் ஒரே ஓர் அறை எழுந்தது. பூச்சு இல்லை, மேலே தகரக் கூரை. குடிபோன அன்று மத்தியானம் சௌரிராஜன் வெறுந்தரையில் நடுவாகப் படுத்துத் தூங்கிவிட்டார். கூரையில் டக் டக்கென்று ஏதோ நடந்தது. அகவியதும்தான் மயில் என்று தெரிந்தது. அவரை எழுப்பலாமா என்று நினைத்தவள், எழுப்பாமல் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, அது ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.