பூவரசடிப் பொட்டல்

பெயின்ட் வாடை அடித்தாலே எனக்குச் சந்தேகம்தான் வரும். எதையோ மறைக்கத்தான் அடித்திருப்பார்கள். போன திங்கள்கிழமை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்த பூங்காவுக்குள் கூடையும் கையுமாகக் கூச்சத்தோடு நுழைந்தபோதும் அதே வாடை. என் சிநேகிதி சவரியம்மாவுக்கு முட்டி வலி. அவளோடு செத்த நேரம் உட்கார இடம் பார்க்கத்தான் போனேன். பெஞ்சுக்கு நடுவில் எதற்கு இரும்புக் கம்பி? கேமரா யாரைப் பார்க்கிறது? எல்லாப் பெஞ்சும் ரோட்டைப் பார்த்தே கிடக்கிறதே, இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசக் கூடாதா? அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குள் காவல்காரர் வந்துவிட்டார்.

"யாரைம்மா பாக்கணும்? சும்மால்லாம் உக்காரக் கூடாது. கூடைய வெளிய வைங்க."

வெளியே வந்துவிட்டேன்.

அது முன்பு வெறும் பொட்டல். ஒரே ஒரு பூவரச மரம். சந்தை முடிந்ததும் கூடைக்காரிகள் எல்லோரும் அதனடியில் வட்டமாக உட்காருவோம். நான் செம்பட்டிப் பக்கம், கொத்தமல்லியும் கீரையும் விற்பேன். சவரியம்மா வடமதுரைப் பக்கம், முருங்கைக்காய். அவள் பஸ் ஒரு திசை, என் பஸ் ஒரு திசை. எங்கள் சிநேகம் முழுக்க அந்த மரத்தடியில்தான். தண்ணீர் குடிக்கப் போனால் தலைச் சும்மாட்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போவோம். அதைத் தள்ளிவிட்டு யாரும் உட்கார மாட்டார்கள். வாயாடி அவள்தான். நான் கொத்தமல்லி வாடை போகக் கையை முந்தானையில் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அளக்கிற டேப்போடு ஒரு சார் வந்தார். தன்மையாகத்தான் பேசினார்.

"இங்க பூங்கா வரப்போகுது. தினம் உக்கார்றவங்க நீங்கதான். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

எங்களுக்குத் திக்கென்றது. அளக்க வந்தவன் அன்பாகக் கேட்கிறான் என்றால், அடுத்தாற்போல் துரத்துவான். இல்லையென்றால் உட்கார்ந்ததற்குக் காசு கேட்பான். சவரியம்மா முந்திக்கொண்டாள்.

"நாங்க எங்க சார் உக்கார்றோம்? பஸ்ஸுக்கு நிக்கிறோம்."

"இம்புட்டுப் பேரும் உக்காந்துதான இருக்கீங்க?"

"இன்னைக்கு மட்டுந்தான் சார். காலு வலி."

நாங்களும் ஆமாம் ஆமாம் என்று எழுந்து நின்றோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

"எப்புடி அனுப்புனேன் பாத்தியாடி!" என்று சவரியம்மா என் தோளில் அடித்துச் சிரித்தாள்.

யாரும் உட்காருவதில்லை என்று நம்பித்தான் மரத்தை வெட்டினார்களா, இல்லை வெட்டுவதென்று முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கேட்டார்களா? ஒப்புக்குத்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி நினைத்தால்தான் மனசு ஆறுகிறது.

இப்போது வியாபாரத்தை விட்டாயிற்று; இருவரும் மாத்திரை வாங்க டவுனுக்கு வரும் நாளில் பஸ் ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்து நின்றே பேசுகிறோம். அந்தத் திங்களன்று அவள் முகம் சரியில்லை.

"எம் மகன் என்ன பண்ணிப்புட்டான் தெரியுமாடி..." என்று ஆரம்பித்தாள். கண் நிறைந்துவிட்டது. அதற்குள் வடமதுரை பஸ் ஹாரன் அடித்தது. இடம் கிடைக்காவிட்டால் ஊர் வரைக்கும் நிற்க வேண்டும்.

"வாரேன்டி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

முன்பென்றால், அவள் அழுது முடிக்கும்வரை இரண்டு பஸ்ஸையாவது விட்டிருப்போம்.