கண் திறக்க ஒரு தூரிகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய ஒரு போட்டோக் கடையில் படங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் சாந்தோம் மாதாகோயில் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தது அவள் குழந்தையின் படம். எங்கள் கடையில் எடுத்ததுதான். எடுத்த நொடியில் குழந்தை கண்ணை மூடிவிட்டது. பிறகு ஒரு காய்ச்சலில் குழந்தையும் போய்விட்டது. கண்ணாடி நெகடிவ் எப்போதோ உடைந்து போயிருந்தது. மிச்சம் அந்த ஒரே படம்.

"கண்ணு தொறந்தாப்பல எழுதிக் குடுங்கண்ணே," என்றாள்.

ஒரு கோடு பிசகினால் முகமே போய்விடும். அந்தப் பயத்தோடு சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடினேன். தூரிகை விற்கும் பாய் எதை எடுத்துக் காட்டினாலும், இன்னும் மெல்லிசு, இன்னும் மெல்லிசு என்றேன். கடைசியில் மூன்று சைபர் போட்ட ஒன்றை நீட்டினார்.

"இதுக்கு மேல வோணும்னா கொசு மீசைதான் கீது நைனா."

மறுநாள் அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, வீணாய்ப்போன வேறொரு படத்தில் இமை வரைந்து பார்த்தேன். தொட்ட வர்ணம் பாதி இமைக்குக்கூட வரவில்லை, நுனியிலேயே காய்ந்தது. திரும்பத் திரும்பத் தொட்டதில் கோடு எறும்பு வரிசையாகிவிட்டது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொழந்தைக்கு மை இட்டதே இல்லியாண்ணே நீங்க? மெல்லிசுக் குச்சியால இட்டா திட்டுத் திட்டா நிக்கும். நான் வெரலாலதான் இடுவேன். ஒரே இழுப்பு."

மூன்று சைபரைக் கீழே வைத்தேன். பழைய இரண்டாம் நம்பரை எடுத்து நனைத்து, உதட்டில் வைத்து நுனி சேர்த்தேன். வயிறு பருத்த தூரிகை. தொட்ட வர்ணத்தை வயிற்றில் சுமந்துகொண்டு முனையில் ஒற்றை முடியாய் நின்றது. இத்தனை வருஷம் என் கையிலேயே இருந்ததை விட்டுவிட்டு எங்கெல்லாம் அலைந்திருக்கிறேன்.

வீண் படத்தில் இமை ஒரே இழுப்பில் வந்தது. பிறகுதான் அவள் படத்தை எடுத்தேன்.

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

"படம் புடிச்ச அன்னிக்கு நான் அந்த மூலைல நின்னு கூப்ட்டுக்கினு இருந்தேன். அங்க பாக்கட்டும்."

இரண்டு இமை, இரண்டு கருமணி. மூச்சை விட்டபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. காயட்டும் என்று படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன்.

அவள் அதற்கு நேரே வந்து பார்க்கவில்லை. எழுந்து, அந்த மூலைக்குப் போய் நின்றுகொண்டாள்.