பிரிண்டர் வயரைப் பிடுங்கினேன்

படித்தது ஐந்தாவது வரைதான், தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மறுநாளே ஆடித் தள்ளுபடிக்குக் கதவு திறக்க வேண்டும். புடவைப் பட்டியலிலிருந்து விலையைப் பிரித்து, பிரிண்டரை ஓட்டி லேபிள் அடிக்க மகள் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். மாப்பிள்ளை அதையே ஷெல் என்ற இன்னொன்றில் எழுதினார். எது உசத்தி என்று காலையிலிருந்து சண்டை.

புது ஆள் எடுக்கும்போது, கிடங்கில் இல்லாத புடவையை எடுத்துவரச் சொல்வது என் வழக்கம். இல்லை என்று வந்து சொல்பவனுக்கே வேலை. அதேபோல பிரிண்டர் வயரைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் ஓட்டச் சொன்னேன்.

மகளுடையது பிரிண்டர் கிடைக்கவில்லை என்று நின்றது. மாப்பிள்ளையுடையது எல்லாம் முடிந்தது என்றது.

“ரெண்டு வரி சேர்த்தா இதுவும் சொல்லும் மாமா.”

“வாயைத் திறக்கவே சொல்லிக் குடுக்கணுமா மாப்ளே?”

“அப்பா, பாவம் விடுங்க,” என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

பைத்தானை எடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாப் புடவையிலும் லேபிள் ஏறியது. ஒட்டியவர் மாப்பிள்ளை.