மேலன்னா உள்ள, உள்ளன்னா மேல!

இன்னிக்கு ஃபைனல்ல டாஸ் போட நிக்கிறேன்...

எதிர் டீம் கேப்டன் என் முகத்தையே உத்துப் பாத்துட்டு கேக்குறா: "அக்கா, நீங்க தமிழா?"

காதுல விழாத மாதிரி டாஸ் காசையே பாத்துக்கிட்டு நின்னேன்!

(தமிழ் பேசறவளைப் பாத்து பயந்த ஒரே தமிழச்சி நானாத்தான் இருப்பேன்.)

ஏன்னு சொல்றேன், இருங்க.

நான் ஆடறது கேலிக் ஃபுட்பால். அயர்லாந்து ஆட்டம். பந்தைக் கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் உதைக்கலாம். போஸ்ட் இங்கிலீஷ் H எழுத்து மாதிரி இருக்கும். பாருக்குக் கீழ வலைக்குள்ள அடிச்சா கோல், மூணு பாயிண்ட். பாருக்கு மேல அடிச்சா ஒரு பாயிண்ட்.

(பாருக்கு மேல போன பந்துக்கு நான் கை தட்டினா எங்க பக்கத்து வீட்டு பெங்காலி மாமா, காக்குன்னு கூப்பிடுவோம், தலையில கை வெச்சுக்கறார். சாதா ஃபுட்பாலே உசுருன்னு இருக்கற கொல்கத்தாக்காரருக்கு இதை எப்படிப் புரியவைப்பேன்!)

எங்க பெங்கால் டீம்ல நான் ஒருத்திதான் தமிழ். கொல்கத்தா பக்கத்துல சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவ. மத்த எல்லாரும் பெங்காலிப் பொண்ணுங்க.

இந்த வருஷ நேஷனல் சாம்பியன்ஷிப்ல முதல் மேட்ச். டென்ஷன்ல என் வாயில தமிழ் வந்துடுச்சு. "மௌஷுமி, மேல போடு! மேல!"

மௌஷுமிதான் எங்க ஸ்டார் ஃபார்வர்டு. ஜாதவ்பூர் யுனிவர்சிட்டில படிக்கிறா. நான் கை காட்டின பக்கம் பாத்து அடிச்சுட்டா. பாயிண்ட்! எதிர் டீமுக்கு ஒண்ணுமே புரியல.

எங்க கோச் தாதா (பெங்காலில அண்ணன்னு அர்த்தம்) துள்ளிக் குதிச்சார். "ஹிந்தி, பெங்காலில கத்தினா எதிர் டீமுக்குப் புரிஞ்சுடுது. இனிமே தமிழ்தான் நம்ம கோட்!"

பாயிண்டுக்கு "மேல", கோலுக்கு "உள்ள". அன்னியிலேர்ந்து பிராக்டீஸ்ல பதினஞ்சு பெங்காலிப் பொண்ணுங்க "மேலொ! உள்ளொ!"ன்னு கத்தறதை நீங்க கேட்டிருக்கணும். அமிர்தம்!

ஃபைனல் வரைக்கும் அந்த ரெண்டு வார்த்தையை வெச்சே ஜெயிச்சோம். போன வருஷம் ஃபைனல்ல ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்து, பஸ்ல அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனவங்க நாங்க. இந்த வருஷம் கப்பு எங்களுக்கு வந்தே ஆகணும்!

ஃபைனல்ல எதிர்ல யாரு?

தமிழ்நாடு.

முடிஞ்சுது கதை!

நாங்க "மேல"ன்னா அவங்க கையைத் தூக்கிட்டு எகிறறாங்க. "உள்ள"ன்னா கோலை அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நடுவுல அந்தக் கேப்டன் என்கிட்ட வந்து, "அக்கா, நீங்க திருநெல்வேலிப் பக்கமா?"

"சாந்த்ராகாச்சிப் பக்கம்!"

(கோவத்துல சொன்னேன். பாவம், அது எந்த ஜில்லான்னு யோசிச்சிருக்கும்.)

ஹாஃப் டைம்ல அஞ்சு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். "பெங்காலிலயே கத்தலாமே"ன்னு ஒருத்தி சொன்னா. தாதா தலையை ஆட்டினார்.

"வேண்டாம். அவங்க தமிழை நம்பறாங்க, நம்பட்டும். இனிமே மேலன்னா உள்ள. உள்ளன்னா மேல. அவ்ளோதான்!"

பெங்காலிப் பொண்ணுங்களுக்கு இது ஜுஜுபி. அவங்களுக்கு அது ரெண்டு சத்தம்தானே? சட்டுனு மாத்திக்கிட்டாங்க. மௌஷுமி வரிசையா பாயிண்ட் எடுக்கறா!

சொதப்பினது யாரு?

நானேதான்!!

"மேல"ன்னு காதுல விழுந்தா என் கால் மேலதாங்க அடிக்குது! கோல் திறந்து கிடக்கு, மௌஷுமி "மேலொ!"ன்னு கத்தறா, நான் பாருக்கு மேல தூக்கி அடிக்கிறேன். மூணு கிடைக்க வேண்டிய இடத்துல ஒண்ணு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை!

மௌஷுமி ஓடி வந்து கத்தினா: "ஏய், உன் பாஷைதானே இது?"

"அதாண்டி பிரச்சனையே!"

ஆனா அதுல ஒரு நல்லது நடந்துச்சு. மத்தவங்க உல்டாவா அடிக்கிறாங்க, நான் மட்டும் நேரா அடிக்கிறேன். எதிர் டீமுக்கு எது நிஜம்னே பிடிபடல!

கடைசி நிமிஷம். ரெண்டு பாயிண்ட் பின்னாடி. பாருக்கு மேல போட்டா தோல்வி. கோல் ஒண்ணுதான் வழி.

பந்து என் கையில.

என் காலை எனக்குத் தெரியும். அது சொன்ன பேச்சு கேக்காது. மௌஷுமி வலது பக்கம் ஓடி வரா. பந்தை அவ பக்கம் தட்டி விட்டுட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்:

"மேலலலலல!"

அந்தக் கேப்டன் என்னைத் திரும்பிப் பாத்தா. ஒரு செகண்ட்தான். "மேலடி! கையைத் தூக்கு!"ன்னு அவ டீமுக்குக் குரல் குடுத்தா. கோல்கீப்பரும் அவளும் சேந்து எகிறினாங்க.

மௌஷுமி தரையோட தரையா ஒரு அடி அடிச்சா பாருங்க...

அம்பயர் கோலுக்கான பச்சைக் கொடியைத் தூக்கிட்டார்!! கோல்!! மூணு பாயிண்ட்!!

ஒரே ஒரு பாயிண்ட்ல நாங்க நேஷனல் சாம்பியன்!!!

அப்புறம் யாரு யாரைக் கட்டிப் பிடிச்சோம்னே தெரியல. தாதா அழறார், நான் அழறேன், மௌஷுமி என் தோள்ல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டேங்கறா. இவ்ளோ சந்தோஷமா நான் என்னிக்குமே இருந்ததில்ல!

கை குடுக்கற நேரத்துல அந்தக் கேப்டன் வந்தா. கண்ணு செவந்திருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல.

"அக்கா, அவங்க கத்தினப்பல்லாம் பாதி சந்தேகத்தோடதான் ஆடினோம்."

"ம்."

"கடைசில நீங்க கத்துனீங்க. தமிழ்ப் பொண்ணாச்சே, பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பிட்டேன்க்கா."

கப்பைக் கையில வெச்சுக்கிட்டு "ஸாரிம்மா"ன்னேன்.

அவ குபீர்னு சிரிச்சுட்டா. "இதையாவது நான் நேரா எடுத்துக்கலாமா, இல்ல உல்டாவாக்கா?"