கம்பெனி பஸ்ஸில் போய்ப் போட்ட ஓட்டு

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் நான் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். தேர்தல் நாளில் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு லீவு விட்டார்கள். எங்களைப் பாதி நாள் வந்துபோகச் சொன்னார்கள். அந்தப் பாதி நாள் நீண்டு, எங்கள் காலனிப் பெண்கள் பதினெட்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மணி ஐந்து. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும்.

முந்தைய தேர்தலிலும் இப்படித்தான் ஆனது. நிலம் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாஷ்டாவுக்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வருவதற்குள் பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிட்டார்கள். "காலனிக்காரங்க ஓட்டுப் போடவே வர்றதில்ல" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அதனால் இந்த முறை நேராக டிரைவரிடம் போய் நின்றேன்.

"அண்ணா, எங்கியும் நிறுத்தாத. நேரா ஸ்கூலாண்ட வுடு."

"ரூட்டு மாத்துனா பேஜாராப் பூடும்மா."

"நாங்க சொல்லிக்கிறோம். நீ ஓட்டு."

"இன்னாத்த? பஸ்ஸயா, ஓட்டயா?" என்று சிரித்தார். ஸ்டியரிங்கைப் பள்ளிக்கூடம் பக்கம் திருப்பிவிட்டார்.

"நீ ஓட்டுப் போட்டியாண்ணா?"

"எங்க? எலெக்‌ஷன் அன்னிக்கெல்லாம் வண்டிலதான் கீறேன். பொண்ணுக்கே கல்யாண வயசாயிடுச்சு. இன்னும் ஒரு தபா கூட போட்டதில்ல."

அவர் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில்தான்.

ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்றவர்கள் யூனிஃபார்மோடு வரிசையில் நிற்க, நான் வாசலில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த அங்கன்வாடி டீச்சரிடம் டிரைவர் பெயரைத் தேடச் சொன்னேன். இருந்தது! தெருமுனையில் நின்ற பஸ்ஸுக்கு ஓடினேன்.

"உன் பேரு கீதுண்ணா, எறங்கு!"

"கார்டு ஊட்ல கீதும்மா."

"லைசென்ஸ் போதுமாம். வா!"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தபடி ஓடிவந்தார். ஆண்கள் வரிசையில் ஆளே இல்லை. எங்களுக்கு முன்னால் போட்டுவிட்டு, விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். உடனே மனைவிக்கு வீடியோ கால்.

"பேனா மையத் தடவிக்கினு என்னை ஏமாத்துறியா?" என்றது போன். நாங்கள் சிரித்த சிரிப்பில், "மெதுவாம்மா" என்று போலீஸ்காரர் கையமர்த்தினார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஆறு மணியானதும், அதற்கு மேலும் ஓட்டுப் போட உள்ளேயிருந்த அதிகாரி தந்த டோக்கனை வரிசையில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தார்.

என் முறை வரும்போது ஆறரை. விரலில் மை வைத்த அலுவலர் எங்கள் யூனிஃபார்மைப் பார்த்து, "எல்லாரும் ஒரே கம்பெனியாம்மா?" என்றார்.

"ஒரே காலனி சார்" என்றேன்.

பொத்தானை அழுத்தினேன். அந்த நீண்ட பீப் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றேன்.